வெள்ளைப் புள்ளி வந்த மீன்: மருந்துக்கு முன்னால் மூன்று கேள்விகள்!

நாமக்கல் – மோகனூர் சாலைப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கூடத்தில் டி.வி-க்குப் பக்கத்தில் இரண்டடி மீன் தொட்டி. அதில் இரண்டு கோல்டு ஃபிஷ். எட்டாம் வகுப்பு படிக்கும் பெண், பெரியதற்குப் 'பொன்னி' என்று பெயர் வைத்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் இருந்து இரண்டு கறுப்பு மோலி வாங்கி விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டு வந்து பார்த்தால், பொன்னி தொட்டியின் அடியில் கிடக்கிற கூழாங்கல்லில் உடம்பைத் தேய்க்கிறது. விட்டு விட்டு, வெடுக்கென்று. கிட்டே போய்ப் பார்த்தால் வாலிலும் துடுப்பிலும் தூள் உப்பைத் தூவிவிட்டதுபோல வெள்ளைப் புள்ளிகள். மோலி ஒன்று மேல் மட்டத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

அம்மா பதறுகிறார். அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு போய் நீல மருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்துவிட்டார். மூடியைத் திறந்து ஊற்றப்போகும்போது திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா குரல் கொடுக்கிறார். முப்பது வருடம் கோழிப்பண்ணையில் வேலை பார்த்தவர்.

"கொஞ்சம் பொறுங்க மாப்பிள்ளை. அம்மிணி, இங்க வா. தொட்டிக்குப் புதுசா என்ன வந்துச்சு? தண்ணி எப்ப மாத்துனீங்க? தீனி எப்படித் திங்குது?"

"மோலி ரெண்டு வந்துச்சுங்க அப்புச்சி. தண்ணி நேத்து முழுசா மாத்துனோம். தீனி ரெண்டு நாளா சரியாத் திங்கலைங்க."

அந்த மூன்று பதில்களில் பாதி நோய் தெரிந்துவிட்டது.

முட்டைக்குப் பேர்போன ஊர் நாமக்கல். ஒரு கொட்டகையில் நாலு கோழி சுருண்டு உட்கார்ந்தால், பண்ணைக்காரர் முதலில் மருந்துக் கடைக்கு ஓடுவதில்லை. தண்ணீரைப் பார்ப்பார், தீனி எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார், புதிதாக என்ன உள்ளே வந்தது என்று விசாரிப்பார். மீன் தொட்டியும் அப்படித்தான். மீன் மூச்சு விடுவதும், கழிவு கழிப்பதும், தூங்குவதும் ஒரே தண்ணீரில். அதனால் மீனின் வைத்தியம் தண்ணீரில்தான் தொடங்குகிறது.

முதலில் தண்ணீர்

மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட் ஆக்குகின்றன. அதுவும் விஷம்தான். வேறு பாக்டீரியாக்கள் அதை அதிகம் தீங்கில்லாத நைட்ரேட் ஆக்குகின்றன. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக் கூட்டம் நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டி வாங்கிய வாரமே பத்து மீனை விட்டு, 'விட்ட மீனெல்லாம் செத்துப்போச்சு' என்று வருந்துகிறவர்களின் பிரச்னை பெரும்பாலும் இதுதான்.

நாமக்கல், சேலம் சமவெளியில் இன்னொரு சங்கதி உண்டு. வீட்டில் இரண்டு வகைத் தண்ணீர் இருக்கும். போரில் வருகிற 'உப்புத் தண்ணி', குழாயில் வருகிற 'நல்ல தண்ணி'.

உப்புத் தண்ணி என்பது சமையல் உப்பு கரைந்த தண்ணீர் அல்ல. பெரும்பாலும் சுண்ணாம்பும் மக்னீசியமும் கூடிய கடினத் தண்ணீர். மோலி, கப்பி மீன்களுக்கு அது ஒத்துப்போகும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் மாதிரி மென்தண்ணீர் மீன்களுக்கு ஒத்துவராது. கடினத் தண்ணீரில் பி.ஹெச் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். பி.ஹெச் 7-லிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு அம்மோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. அதனால் இந்தப் பக்கத்துத் தொட்டிகளில் தீனி மிச்சம் விழுவது கூடுதல் ஆபத்து.

நல்ல தண்ணியில் குளோரின் இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நமக்கு அது பாதுகாப்பு. மீனின் செவுளுக்கு அதுவே நெருப்பு. பக்கெட்டில் பிடித்துத் திறந்து வைத்து, ஏர் பம்ப் குழாயைப் போட்டு ஒரு நாள் விட்டால் சாதாரணக் குளோரின் போய்விடும். அவசரம் என்றால் கடையில் கிடைக்கும் 'ஆன்ட்டி குளோரின்' சொட்டு மருந்தை பாட்டிலில் போட்டிருக்கிற அளவுக்கு விடலாம்.

பொன்னி வீட்டில் வியாழக்கிழமை நடந்தது இதுதான். தொட்டியைக் காலி செய்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துப் பிழிந்து, பளிச்சென்று கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஸ்பாஞ்சில் இருந்த நல்ல பாக்டீரியா பெருமளவு செத்திருக்கும். மீனுக்குத் தண்ணீரின் சூடு, குளோரின், பி.ஹெச் எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது. ஏற்கெனவே உடம்பில் ஏறியிருந்த நோய்க்கு அது வசதியாகப் போயிற்று.

ஒரு முறைக்கு கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். ஸ்பாஞ்சை, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து மாட்டிவிடுங்கள். அம்மோனியா, நைட்ரைட், பி.ஹெச் பார்க்கும் சோதனைக் கிட் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எந்த மருந்துக்கும் முன்னால் தண்ணீரை மாற்றுங்கள்.

அந்த வெள்ளைப் புள்ளி என்ன?

அது ஓர் ஒட்டுண்ணி. பெயர் இக்தியோஃப்தீரியஸ் மல்டிஃபிலிஸ். மீன் வளர்ப்பவர்கள் சுருக்கமாக 'இக்' என்பார்கள். 1876-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஃபூக்கே வைத்த பெயர். அதற்கு அர்த்தம், 'பல பிள்ளைகள் பெற்ற மீன் பேன்'. பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது அதன் வாழ்க்கையைப் பார்த்தால் தெரியும்.

நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி, மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. வயிறு நிறைந்ததும் தோலைவிட்டு வெளியே வந்து, கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டுகிறது. உள்ளேயே பிரிந்து பிரிந்து, ஒன்று பல நூறாகிறது. ஆயிரம் வரைகூடப் போகும். உறை உடைந்து குட்டிகள் நீந்திப் புறப்படுகின்றன. இரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. தோலுக்கு அடியில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. உறைக்குள் இருக்கும்போதும் தொடாது. நீந்திப் புறப்படும் அந்தக் குட்டிப் பருவத்தில் மட்டும்தான் மருந்து கொல்லும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் பலர் ஏமாறுகிறார்கள். முதல் நாள் மருந்து, மூன்றாம் நாள் புள்ளி காணவில்லை. 'குணமாயிடுச்சு' என்று நிறுத்திவிடுகிறார்கள். புள்ளி போனதற்குக் காரணம் மருந்து அல்ல. ஒட்டுண்ணி தின்று முடித்துக் கீழே இறங்கியதுதான். அடுத்த வாரம் நூறு நூறாகத் திரும்பி வரும். அந்த இரண்டாவது அலையில்தான் மீன்கள் சாகும்.

சூடு கூடினால் இந்தச் சுற்று வேகமாக முடியும். 25 டிகிரி வாக்கில் ஒரு வாரத்துக்குள் ஒரு சுற்று. 7 டிகிரிக் குளிர்த் தண்ணீரில் அதே சுற்றுக்கு ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கச் சொல்வது இதனால்தான். ஒட்டுண்ணி சீக்கிரம் வெளியே வந்தால் சீக்கிரம் மாட்டும்.

சித்திரை வெயிலில் நாமக்கல்லுக்கு ஹீட்டர் தேவையில்லை. மார்கழி, தை மாதப் பனியில்தான் தொட்டித் தண்ணீர் இரவில் சட்டென்று குளிர்ந்துபோகிறது. குளிர்ந்தால் மீனின் எதிர்ப்பு சக்தி குறையும். வெள்ளைப் புள்ளி அந்த நேரம் பார்த்துத் தலைகாட்டும்.

எல்லா வெள்ளையும் நோய் அல்ல

மருந்து ஊற்றும் முன் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து நன்றாகப் பாருங்கள்.

* செவுள் மூடியிலும், முன் துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும் வரிசையாக வெள்ளை மணிகள், மீன் சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் அது நோயே இல்லை. ஆண் கோல்டு ஃபிஷ் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும் அடையாளம்.
* உப்புத் தூள் மாதிரித் தனித்தனிப் புள்ளிகள், உடம்பைத் தேய்ப்பது: வெள்ளைப் புள்ளி நோய்.
* தங்கத் தூள் அல்லது துருத் தூள் பூசியதுபோல மினுக்கம்: 'வெல்வெட்' என்னும் வேறு ஒட்டுண்ணி.
* பஞ்சு ஒட்டியதுபோல: பூஞ்சை. வாயைச் சுற்றி மட்டும் வெள்ளையாக வந்து வேகமாகப் பரவினால் அது பெரும்பாலும் பாக்டீரியா.
* துடுப்பின் ஓரம் கிழிந்து கரைவது: துடுப்பு அழுகல். பெரும்பாலும் கெட்ட தண்ணீரின் விளைவு.
* நூல் தொங்குவதுபோல உடம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பது: நங்கூரப் புழு.
* எல்லா மீனும் ஒரே நேரத்தில் மேலே வந்து வாயைத் திறப்பது: ஆக்சிஜன் குறைவு அல்லது தண்ணீரில் விஷம். முதலில் ஏர் பம்பையும் தண்ணீரையும் பாருங்கள்.
* கோல்டு ஃபிஷ் சாய்ந்து, தலைகீழாக மிதப்பது: பல நேரம் வயிற்றுக் கோளாறு. இரண்டு மூன்று நாள் தீனியை நிறுத்திவிட்டு, வேகவைத்துத் தோல் உரித்த பச்சைப் பட்டாணியைச் சின்னதாக நசுக்கிக் கொடுக்கலாம்.
* வயிறு வீங்கி, செதில்கள் பலாக்காய் முள்போல் தூக்கி நிற்பது: உள் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கியதன் அடையாளம். பிழைப்பது கடினம். உடனே தனியே மாற்றுங்கள்.

பொன்னிக்குச் செய்த வைத்தியம்

முதலில் தொட்டியில் எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட வேண்டும். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர். இரண்டடிக்கு ஒரடி, ஒரடி உயரத் தொட்டி என்றால் 60 × 30 × 30, அதாவது 54 லிட்டர். கல்லும் மேல் இடைவெளியும் போக நிஜமாக இருப்பது 45 லிட்டர் வாக்கில். மருந்தை 54-க்கு ஊற்றாமல் 45-க்கு ஊற்ற வேண்டும். அளவு கூடினால் மருந்தே கொன்றுவிடும்.

அந்த வீட்டில் நீல மருந்துப் பாட்டில் மூடியபடியே இருந்தது. மெத்திலீன் நீலம் பூஞ்சைக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கும் பயன்படும். ஆனால் ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கும். அதைத் தனிப் பாத்திரத்தில் வைத்தியம் செய்யும்போது வைத்துக்கொள்வது நல்லது.

அவர்கள் கையில் எடுத்தது கல் உப்பு. வேறெதுவும் கலக்காத, சாதாரணக் கல் உப்பு. லிட்டருக்கு 2 கிராம் வீதம் 45 லிட்டருக்கு 90 கிராம். ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. 30 கிராம் வீதம் மூன்று தவணை, 12 மணி நேர இடைவெளியில், தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து மெதுவாக ஊற்றினார்கள். உப்பு ஆவியாகாது. அதனால் 10 லிட்டர் தண்ணீர் மாற்றினால், புதிதாக ஊற்றும் 10 லிட்டருக்கு மட்டும் 20 கிராம் சேர்த்தால் போதும்.

கோல்டு ஃபிஷ், மோலி இரண்டும் இந்த உப்பைத் தாங்கும். அடியில் மேயும் கோரிடோரஸ், லோச் போன்ற மீன்களும் பல நீர்ச்செடிகளும் தாங்காது. அவை இருந்தால் இந்த முறை வேண்டாம். அந்த மீன்களுக்கு ஏற்றதா என்று பார்த்து, கடையில் கிடைக்கும் 'இக்' மருந்தை பாட்டிலில் உள்ள அளவுப்படி பயன்படுத்துங்கள். அவற்றில் பலவற்றில் மலக்கைட் பச்சை இருக்கும். உண்ணும் மீனுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. கையில் உறை போடாமல் தொடவும் வேண்டாம். மருந்து போடும்போது ஃபில்டரில் கரித்துண்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். கரி மருந்தை உறிஞ்சிவிடும். இரண்டு மருந்தை ஒன்றாகக் கலக்காதீர்கள்.

ஹீட்டர் வைத்து ஒரு நாளில் மெதுவாக 28 டிகிரிக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே ஏர் பம்பை வேகமாக்கினார்கள். இதை மறக்கக் கூடாது. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது ஏழரைக்குக் குறைந்துவிடும். செவுளில் நோய் ஏறிய மீனுக்கு அந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்னை. கரன்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

இரண்டு நாளுக்கு ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றம். அடிக் கல்லைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தால், உறைக்குள் இருக்கும் ஒட்டுண்ணிகளும் கழிவோடு வெளியே போகும். தீனி பாதி. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் வைத்தியத்தை உடனே நிறுத்தாமல், மொத்தம் இரண்டு வாரம்.

நான்காம் நாள் மோலி ஒன்று செத்தது. மேல் மட்டத்தில் வாயைத் திறந்துகொண்டிருந்த அதே மோலி. புள்ளி உடம்பில் தெரியும் முன்பே செவுளைப் பிடித்துவிட்டால் இப்படித்தான் ஆகும். பெண் அன்றைக்கு சாப்பிடவில்லை.

"நான்தானுங்க அப்புச்சி தண்ணிய முழுசா மாத்தச் சொன்னேன்" என்று அழுதாள்.

"தெரியாமச் செஞ்சது தப்பு இல்ல அம்மிணி. இப்பத் தெரிஞ்சுக்கிட்டியில்ல? மிச்சம் மூணு கிடக்குது பாரு. அதுகளைப் பாப்போம்."

ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொடாதீர்கள்

வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர் மாத்திரையைப் பிரித்துத் தொட்டியில் தூவும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வெள்ளைப் புள்ளி ஓர் ஒட்டுண்ணி. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ஃபில்டர் பாக்டீரியாவைக் கொன்று அம்மோனியாவை ஏற்றிவிடும். மிச்ச மருந்து சாக்கடைக்குப் போய், மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும்.

இது சின்ன விஷயமல்ல. கோழிப்பண்ணைகளில் பயன்பட்ட கோலிஸ்டின் என்னும் ஆன்டிபயாடிக்கை, மனிதர்களுக்கான கடைசி ஆயுதங்களில் ஒன்று என்பதால், உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019-ல் தடை செய்தது. பண்ணைக்குப் பொருந்தும் நியாயம் கூடத்துத் தொட்டிக்கும் பொருந்தும்.

துடுப்பு அழுகல், வாய்ப்புண், உடல் வீக்கம் போன்ற பாக்டீரியா நோய் சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். நாமக்கல்லில் 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாகப்பட்டினத்தில் 2012-ல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மீனுக்குப் பார்ப்பார்களா என்று முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். போகும்போது மீனின் வீடியோ, தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டில், தொட்டி லிட்டர் கணக்கு, கடைசி ஒரு மாதம் என்னென்ன செய்தீர்கள் என்ற குறிப்பு ஆகியவை கையில் இருக்கட்டும்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் வெறும் கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். மீனுக்கு வரும் ஒரு வகைக் காசநோய்க் கிருமி, காயம் வழியாக மனிதர் தோலில் ஆறாத கட்டியை உண்டாக்கும். அப்படி வந்தால், தோல் மருத்துவரிடம் மீன் தொட்டி இருப்பதைச் சொல்லுங்கள்.

வாசலிலேயே நிறுத்துங்கள்

இந்த வீட்டில் நோய் பெரும்பாலும் வந்த வழி புது மோலிதான். அதற்காகக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. வண்ண மீன்கள் சென்னை கொளத்தூர் போன்ற இடங்களிலிருந்து பாலிதீன் பையில் நெடுந்தூரம் வந்து, கடைத் தொட்டியில் நெருக்கி நின்று, பிறகு நம் வீட்டுக்கு வருகின்றன. அலுப்பில் எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும்.

புது மீனை இரண்டு முதல் நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்திருங்கள். சின்ன பிளாஸ்டிக் டப்பும், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும். அதற்கென்று தனி வலை. பையைப் பதினைந்து, இருபது நிமிடம் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நம் தண்ணீரைச் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். பயன்படுத்திய வலையை வெயிலில் நன்றாகக் காயப்போடுங்கள். காய்ந்தால் இந்த ஒட்டுண்ணி பிழைக்காது.

இன்னொன்று. நோய் வந்த மீனையோ, வளர்க்க முடியாத மீனையோ 'பாவம், பிழைச்சுப் போகட்டும்' என்று கமலாலயக் குளத்திலோ காவிரியிலோ விடாதீர்கள். அது புண்ணியம் ஆகாது. நோய் அங்கிருக்கும் மீன்களுக்கும் பரவும். தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீன், இப்படி விடப்பட்டே தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, நாட்டு மீன்களோடு இரைக்குப் போட்டி போடுகிறது. மீனவர் வலைகளையும் கிழிக்கிறது.

செத்த மோலியை அந்த வீட்டில் கொல்லைப்புறக் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். பெண் அதன் மேல் ஒரு கூழாங்கல்லை வைத்தாள்.

பதினைந்தாம் நாள் பொன்னியின் வால் கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தது. காலையில் ஆள் கிட்டே வந்ததும் தீனிக்காகக் கண்ணாடியில் வந்து முட்டியது. உப்பை வெளியேற்ற வாரா வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றம் நடக்கிறது. இரண்டு கோல்டு ஃபிஷ் வளர்ந்து பெரிதானால் இந்த இரண்டடித் தொட்டி போதாது என்பதால், பெரிய தொட்டிக்கு அப்பா விலை விசாரிக்கிறார்.

தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பழைய காலண்டர் அட்டை தொங்குகிறது. அதில் பெண்ணின் கையெழுத்தில் மூன்று வரிகள்: புதுசா என்ன வந்துச்சு? தண்ணி எப்ப மாத்துனோம்? தீனி திங்குதா?

உங்கள் வீட்டுத் தொட்டிக்குப் பக்கத்திலும் அந்த மூன்று வரிகளை எழுதி ஒட்டுங்கள். மருந்துப் பாட்டிலின் மூடியைத் திறக்கும் முன் ஒரு முறை படித்துவிடுங்கள்.